ஏணிக் கணக்கு

ஜூலை 6, ஞாயிறு

தங்கச்சிக்கு,

என் அண்ணன் வீட்டு மாடியறையில் மல்லாக்கப் படுத்து, நெஞ்சின் மேல் ஒரு அட்டையை நிறுத்தி இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு என் முதுகெலும்பு பொறுப்பு. இந்த ஊர் எலும்பு டாக்டர் தலையணைகூட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

போனிலேயே பேசிக்கொள்ளலாமே என்று நீ உன் அத்தானிடம் கேட்டாயாம். பேசலாம். அப்புறம் "நீங்க அப்படித்தானே சொன்னீங்க", "நான் எப்ப சொன்னேன்" என்று ஆரம்பிக்கும். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இத்தனை வருஷம் இருந்துவிட்டோம். ஓரகத்திகள் வாய்ப்பேச்சு எங்கே போய் முடியும் என்று மாடித் தண்ணீர்க் குழாய் விஷயத்திலேயே பார்த்தாயிற்று. எழுத்தில் இருந்தால் யாரும் மாற்றிப் பேச முடியாது. சனிக்கிழமை தோறும் உன் அத்தான் என்னைப் பார்க்க இங்கே வருகிறார். வகுப்பில் நடப்பதை எழுதி அவரிடம் கொடுத்தனுப்பு.

என் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று தலைமையாசிரியர் கேட்டபோது நான்தான் உன் பெயரைச் சொன்னேன். வெளியாள் என்றால் வகுப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள், வீட்டாள் என்றால் அந்தக் கவலை இல்லை என்றுதான் சொன்னேன். இதை நீ மறக்க வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். காலையில் முதலில் வாய்ப்பாடு. வகுத்தலுக்கு என் முறை நான்கே வார்த்தை: வகு, பெருக்கு, கழி, இறக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வாசிப்புக்கு மருந்துக்கடைக்காரர் மகளை எழுப்பு. தண்ணீர் போல வாசிப்பாள், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். கட்டுரைக்குப் பத்து வரி கரும்பலகையில் எழுதிப் போடு. உட்காரும் இடத்தை மாற்றாதே. யாரை யார் பக்கத்தில் வைத்தால் சண்டை வராது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

உன் டியூஷன் வித்தைகள் எதுவும் அங்கே வேண்டாம்.

இன்னொன்று. என் மேஜை இழுப்பறைச் சாவியைக் கேட்டாயாம். எதற்கு?

அக்கா


ஜூலை 11, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

சாவி கேட்டது சாக்பீஸுக்காக. இழுப்பறையைத் திறக்காமலே சமாளித்துவிட்டேன். உங்கள் பொருள் எதுவும் இடம் மாறவில்லை.

வகுப்பைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எழுதினால் கோபப்படுவீர்கள், எழுதாவிட்டால் மறைத்தேன் என்பீர்கள். எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் 612 பென்சிலை ஆறு வகுப்புக்குப் பங்கு போடச் சொன்னேன். நீங்கள் சொன்னது உண்மைதான், நான்கு வார்த்தையும் கோரஸாக வந்தது. முக்கால்வாசிப் பேர் விடை பன்னிரண்டு என்று எழுதினார்கள். நடுவில் வர வேண்டிய பூஜ்யம் போயே போச்சு. "அறுநூறு பென்சில் இருக்கு, ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டுதானா?" என்று கேட்டேன். பின்பெஞ்ச் நெட்டையன் எழுந்து, "ஸ்டெப் எல்லாம் போட்டுட்டோமே டீச்சர், அப்ப சரியாத்தானே இருக்கும்?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் கணக்கானாலும் போடுவதற்கு முன்னால், விடை சுமாராக எவ்வளவு வரும் என்று ஓரத்தில் எழுத வேண்டும். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் மகள் தண்ணீர் போலத்தான் வாசிக்கிறாள். தண்ணீர் போலவே ஓடிவிடுகிறது, ஒன்றும் தங்குவதில்லை. குளத்தில் விழுந்த நாயை யார் காப்பாற்றியது என்று கேட்டேன், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவளே வாசித்த பக்கம். முழித்தாள். அதனால் இரண்டிரண்டு பேராக வாசிக்க வைக்கிறேன். ஒருவர் ஒரு பத்தி வாசித்தால், மற்றவர் புத்தகத்தைப் பார்க்காமல் என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் இருவரும் திரும்பப் படிக்க வேண்டும். இதற்காகச் சில பேரை இடம் மாற்றினேன். மூன்று சண்டை வந்தது, தீர்ந்தும் போனது.

கட்டுரைக்குக் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. காலையில் வரும் வழியில் பார்த்த ஒரே ஒரு விஷயத்தை எழுதச் சொன்னேன். பாதிப் பேர் "என்ன பார்த்தோம்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். நெட்டையன் மட்டும், பழுது பார்க்கும் கடை வாசலில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்ததையும், அதில் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்ததையும் எழுதினான். நான்கு வரிதான். வாசித்தபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தானுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவர் குறை சொல்லவில்லை, சொல்ல மாட்டார்.

உங்கள் தங்கை


ஜூலை 13, ஞாயிறு

தங்கச்சிக்கு,

பன்னிரண்டு என்று எழுதினார்களா? என் பிள்ளைகளா? நான் இருந்தவரை ஒருவரும் அப்படி எழுதியதில்லை. புது முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள், அல்லது நீ குழப்பியிருப்பாய்.

நீ எழுதாததும் எனக்குத் தெரிய வருகிறது. நாலாம் வகுப்பு டீச்சர் போன் பண்ணினாள். "உங்க வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கு, எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க, தலைமையாசிரியர் வாசல்ல நின்னு ஒரு பீரியட் முழுக்கப் பார்த்துட்டுப் போனார்" என்றாள். திட்டினாரா என்று கேட்டேன். "அதான் இல்ல, சிரிச்சுட்டே போனார்" என்றாள். இதை ஏன் நீ எழுதவில்லை?

உன் அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. பேச்சுவாக்கில் உளறிவிட்டார், நீ சர்டிபிகேட் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாயாம். தற்காலிகமாக வருகிறவளுக்கு எதற்கு நகல்? எனக்கு முதுகுதான் போயிருக்கிறது, மூளை போகவில்லை.

மருந்துக்கடைக்காரர் மகளைப் பற்றி நீ எழுதியதை நான் நம்பவில்லை. பள்ளி விழாவில் அந்தப் பெண் வாசித்துக் கைதட்டல் வாங்கினவள். அவளை முட்டாளாக்கி யாருக்கு என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

இடத்தைப் பழையபடி மாற்று.

அக்கா


ஜூலை 25, வெள்ளி

அக்காவுக்கு,

போன வாரம் நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் சண்டையாகத்தான் வந்தது, கிழித்துப் போட்டேன்.

நகல் கேட்டது பள்ளி ஆபீஸ். அது இருந்தால்தான் சம்பளம் போட முடியுமாம். தலைமையாசிரியர் ஏன் சிரித்தார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். நாலாம் வகுப்பு டீச்சரை என் வாசலில் காவல் வைத்தது நீங்களா, அல்லது அவராகவே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாரா? தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்.

இடத்தை மாற்றவில்லை. காரணத்தை எழுதுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

இரண்டு இலக்க எண்ணால் வகுக்க ஆரம்பித்தோம். 156 மாணவர்கள், ஒரு வேனில் பன்னிரண்டு பேர், எத்தனை வேன்? பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாதவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களை, கழித்துக்கொண்டே போங்கள் என்றேன். ஒரு வேன் போச்சு, இரண்டு வேன் போச்சு என்று கழித்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரர் மகள், அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், மெதுவாக எழுந்தாள். "ஒவ்வொண்ணா ஏன் டீச்சர் அனுப்பணும்? பத்து வேனை ஒரேயடியா அனுப்பிட்டா நூத்தியிருபது பேர் போயிடுவாங்க. மிச்சம் முப்பத்தாறு பேருக்கு மூணு வேன் போதும்" என்றாள்.

நான் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். வலது ஓரத்தில் பத்து, அதன் கீழே மூன்று, கடைசியில் கூட்டினால் பதின்மூன்று. பார்க்க ஏணி மாதிரி இருந்ததால் நெட்டையன் "ஏணிக் கணக்கு" என்று பெயர் வைத்துவிட்டான். பத்து பத்தாக எடுக்கிறவன் ஏணியில் நிறையப் படி இருக்கும். இருபது, முப்பது என்று எடுக்கிறவன் இரண்டு படியில் இறங்கிவிடுவான். எல்லாரும் விடைக்கு வந்து சேருகிறார்கள். இது பழகிய பிறகுதான் உங்கள் நான்கு வார்த்தையைத் திரும்ப எடுத்தேன். அதுவும் இதே ஏணிதான், படிகளை நெருக்கி வைத்திருக்கிறோம் என்று காட்டினேன். இப்போது பூஜ்யம் தொலைவதில்லை.

வாசிப்பில் ஒன்று நடந்தது. மருந்துக்கடைக்காரர் மகள் நேற்றுப் பாதிப் பக்கத்தில் தானாக நின்று, "டீச்சர், இது எனக்குப் புரியல" என்றாள். உங்களுக்கு இது குறையாகத் தெரியலாம். நான் அவளைக் கட்டிப் பிடிக்காத குறை.

அடுத்த வாரம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாளில் கணக்குத் தேர்வு. கல்வி ஆபீசிலிருந்து உறையில் வரும். உங்கள் பெயரில் இருக்கும் வகுப்பு, பயமாகத்தான் இருக்கிறது.

தங்கை


ஜூலை 27, ஞாயிறு

தங்கச்சிக்கு,

நீ எழுதியதைப் பொய் என்று நிரூபிக்கலாம் என்று, அண்ணன் மகனைக் கூப்பிட்டு 612-ஐ ஆறால் வகுக்கச் சொன்னேன். இவனும் ஐந்தாம் வகுப்புதான். பன்னிரண்டு என்று எழுதிக் காட்டினான். இவன் படிக்கும் பள்ளி சரியில்லை போலிருக்கிறது.

ஏணியைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கொடுப்பார்கள் என்று உனக்கு யார் உத்தரவாதம் கொடுத்தது? திருத்துகிறவர்களுக்குப் புரியாவிட்டால் என் வகுப்புதான் மானம் போய் நிற்கும். அல்லது அதுதான் உனக்கு வேண்டுமா? எதுவும் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எனக்கு வலி குறைந்தபாடில்லை.

அக்கா


ஆகஸ்ட் 22, வெள்ளி

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வகுப்புக்குள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற டீச்சர்கள் வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய் டீ குடிக்கிறார்கள்.

தேர்வு முடிவு வந்தது. நம் வகுப்பு போன வருஷத்தை விட எங்கோ மேலே போய்விட்டது. சந்தோஷப்பட ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. எல்லாத் தாளிலும் ஓரத்தில் ஏணி இருந்ததாம். பாடப்புத்தகத்தில் இல்லாத முறை, இத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள், யாரோ வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று திருத்தியவர் குறிப்பு எழுதியிருக்கிறார். அதோடு நின்றிருந்தால் விளக்கியிருப்பேன். கல்வி ஆபீசுக்கு யாரோ போன் போட்டு, வினாத்தாளை நான் முன்கூட்டியே பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

புதன்கிழமை அதிகாரி நேரில் வந்து விசாரிக்கிறார். குற்றம் உறுதியானால் இனி எந்தப் பள்ளியிலும் எனக்கு வேலை கிடையாது. டியூஷனுக்குக்கூட யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

நேராகவே கேட்கிறேன். அந்தப் போன் நீங்கள் போட்டதா? அத்தானிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அவ அப்படிப் பண்ண மாட்டாம்மா... பண்ணுவாளா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நீங்கள் இல்லை என்று எழுதினால் நம்புவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் எழுதுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 24, ஞாயிறு

தங்கச்சி,

கல்வி ஆபீசுக்கு நான் போன் போடவில்லை.

வேறு ஒருவருக்குப் போட்டேன். தேர்வு முடிந்த அன்று மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு. உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான். "தேர்வு எப்படி எழுதினா உங்க பொண்ணு?" என்றேன். "எல்லாக் கணக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சாம் டீச்சர்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏற்கெனவேன்னா? கேள்வித்தாளை முன்னாடியே காட்டிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். "ஐயோ, அப்படியா டீச்சர்?" என்றாள் அவள். இல்லை இல்லை, சும்மா கேட்டேன் என்று பூசி மெழுகினேன். போனை வைத்த பிறகு அந்தக் கேள்விக்குக் கண், காது, மூக்கு முளைத்துவிட்டது. யார் காதுக்குப் போய், யார் ஆபீசுக்குச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆரம்பித்தது என் வாய்.

இதைத் தலைமையாசிரியருக்குத் தனியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதத்தோடு உன் அத்தானிடம் கொடுத்திருக்கிறேன். திங்கள் காலை அவரே போய்க் கொடுப்பார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே. அதிகாரிகளுக்கு விளக்கம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருக்கும். தப்பாக எழுதியவர்களின் தாளை எடுத்துப் பார்க்கச் சொல். பத்தொன்பது வருஷம் தாள் திருத்தியவள் சொல்கிறேன், காப்பி அடித்தால் தப்பும் ஒரே தப்பாக வரும். சொந்தமாகப் போட்டால் ஆளுக்கொரு இடத்தில் தப்பு வரும். அப்புறம் அவரையே புதுக் கணக்குக் கொடுக்கச் சொல். அவர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் ஊமையாகிவிடுவார்கள், கடைசி பெஞ்சில் உட்காரச் சொல். முதலில் மருந்துக்கடைக்காரர் மகளை எழுப்பாதே, அழுதுவிடுவாள்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். வந்த முதல் வாரமே டாக்டர் சொல்லிவிட்டார், இனி நாள் முழுக்க நின்று பாடம் நடத்த முடியாது என்று. உன் அத்தானுக்குக்கூடச் சொல்லவில்லை. இங்கே படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தால், என் இடத்தில் நீ நிற்பது மட்டும்தான் தெரிந்தது.

எல்லாம் எழுதிவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நிஜமாகவே காட்டவில்லையே? ஒரு வரி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 29, வெள்ளி

அக்காவுக்கு,

காட்டவில்லை. வினாத்தாள் வந்த உறையைத் தலைமையாசிரியர் தேர்வு அன்றுதான் எங்கள் எல்லார் முன்னிலையிலும் பிரித்தார்.

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை வாசித்தபோது, உங்களோடு இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டாம் பாதியைப் புதன்கிழமை காலை இன்னொரு முறை வாசித்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

வந்த அதிகாரி ஒரு அம்மா. சிரிக்காத முகம். நீங்கள் சொன்னபடி தப்பான தாள்களைப் பார்க்கச் சொன்னேன். "தப்பை எதுக்குப் பார்க்கணும்?" என்றவர், ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். ஒருவன் கழித்ததில் தப்பு, ஒருத்தி ஏணியைக் கூட்டியதில் தப்பு, ஒருவன் பாதி ஏணியில் நேரம் முடிந்து நின்றிருந்தான். தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, "வகுப்புக்குப் போகலாம். நீங்க வெளியில நில்லுங்க" என்றார். கடைசி பெஞ்ச் விஷயத்தைத் தலைமையாசிரியர் காதில் போட்டேன். அவர் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார்.

நான் ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்றேன். 1378-ஐ 26-ஆல் வகுக்கச் சொன்னார். பென்சில் சத்தம் மட்டும்தான் கேட்டது. நெட்டையனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அவன் அவசரக்காரன்.

மேலே "ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல" என்று எழுதிவிட்டு ஆரம்பித்தான். பத்து பத்தாக ஐந்து படி. மிச்சம் 78. அதற்கு மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் முப்பது என்று எழுதினான். கூட்டி, எண்பது என்று போட்டுக் கோடு இழுத்துவிட்டான். அதிகாரி பேனாவை எடுப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் உட்காரப் போனவன் நின்றான். மேலே எழுதியதையும் கீழே எழுதியதையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், இது எங்கயோ இடிக்குது. ஐம்பதுக்குப் பக்கத்துல வரணும், எண்பது வருது" என்றான். அவன் படிப்படியாக விரலை வைத்துக்கொண்டு இறங்கினான். "ஆங், எழுபத்தெட்டுல மூணு இருபத்தாறுதான் இருக்கு. முப்பதுன்னு போட்டுட்டேன்" என்று அழித்து, ஐம்பத்து மூன்று என்று எழுதினான்.

"இந்த முறையை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். வகுப்பு முழுக்கத் தையற்காரர் மகள் பக்கம் கையைக் காட்டியது. அவள் மேஜைக்குள் புகுந்துகொள்ளாத குறை. "அப்ப உங்க டீச்சர் என்னதான் பண்ணாங்க?" என்றார். மருந்துக்கடைக்காரர் மகள் தானாக எழுந்து, "அவங்க சும்மா 'எப்படித் தெரியும்? எப்படித் தெரியும்?'னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க மேடம்" என்றாள். அழவில்லை.

புகாரில் உண்மை இல்லை என்று அங்கேயே எழுதி முடித்துவிட்டார். போகும்போது வராந்தாவில் நின்று, பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு நிரந்தர இடம் காலியாக இருக்கிறது, விருப்பம் இருந்தால் விண்ணப்பம் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் பங்கு. நீங்கள் சந்தேகப்பட்டதில் ஒன்று சரி. அந்த நகல்கள் சம்பளத்துக்கு மட்டும் கேட்கப்பட்டவை அல்ல. "அவங்களுக்கு முதுகு சரியாகலைன்னா இந்த வகுப்பை நீங்களே எடுத்துக்குவீங்களா?" என்று தலைமையாசிரியர் ஜூலையிலேயே கேட்டார். நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் நகலைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அது எதைக் காட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பக்கத்து ஊருக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அது உங்கள் வகுப்பாகத்தான் இருக்கும். எனக்கு என் வகுப்பு வேண்டும்.

நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன்.

தங்கை


அக்டோபர் 12, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கொழுந்தன் இன்று உன் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார். கையோடு கொடுத்தனுப்புகிறேன். நீ பக்கத்து ஊர் வேலைக்குப் போய் அங்கே தங்கிய பிறகு அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். அவர் குறை சொல்கிறார்.

நான் பள்ளியில் திரும்பச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தேன், ஒரு பொடியன் எழுந்து, "பழைய டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேட்டான். "நான்தானடா பழைய டீச்சர்" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குத் திருப்தி இல்லை. நாற்காலியிலிருந்து கரும்பலகை எட்டாது. அதனால் வேறு வழியில்லாமல் சாக்பீஸ் இப்போது பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது. நீ இதையும் எதிர்பார்த்துத்தான் நாற்காலி யோசனை சொன்னாயா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வியாழக்கிழமை பின்னம் ஆரம்பித்தேன். அரையும் காலும் கூட்டுவது. கீழே இருக்கும் எண்களைக் கூட்டக் கூடாது என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். தையற்காரர் மகள் கையைத் தூக்கினாள். "ஏன் டீச்சர் கூட்டக் கூடாது? மேல இருக்கிறதை மட்டும் கூட்டுறோமே?" என்றாள்.

எத்தனையோ வகுப்புகளில் இதைக் கேட்டிருப்பார்கள். "கூடாதுன்னா கூடாது" என்று சொல்லிப் பழகிய வாய். அந்தப் பதில் உதடு வரை வந்துவிட்டது. நெட்டையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு இப்பச் சொல்லத் தெரியல. யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். எனக்குக் காது சுட்டது. நாலாம் வகுப்பு டீச்சர் வராந்தாவில் போகவில்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் உன் அத்தானின் பழைய காலண்டர் தாளைக் கிழித்து மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்ன பண்றே?" என்று கேட்டார். அரையையும் காலையும் கூட்டுகிறேன் என்றேன். மேலேயும் கீழேயும் கூட்டிப் பார்த்தேன். ஆறில் இரண்டு என்று வந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. அரைத் தாளோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன், வந்ததோ அரையை விடக் குறைவு!

மறுநாள் பதில் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து மடிக்கச் சொன்னேன். "கீழ இருக்கிறதையும் கூட்டினா ஆறில் ரெண்டு. சரி, வெச்சுக்கலாம். அரையை விட அது பெருசா, சின்னதா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் மடிக்கிற சத்தம். அப்புறம் ஒருவன் கத்தினான், "டீச்சர், சேர்த்தா எப்படிக் குறையும்?" அதற்குப் பிறகு என் வகுப்பும் சந்தைக்கடைதான். கீழே இருக்கும் எண் துண்டின் அளவைச் சொல்கிறது, அளவைக் கூட்ட முடியாது, அரையையும் காலாக மாற்றிவிட்டுத் துண்டுகளைத்தான் எண்ண வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் மகள் எழுந்து சொன்னாள். நான் ஒன்றுமே சொல்லித் தரவில்லை. முதுகு வலிகூட மறந்து போயிருந்தது.

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வகுப்பு கத்திக்கொண்டிருந்தபோது தையற்காரர் மகள் மட்டும் கத்தவில்லை. தாளை அழகாக நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். விடை முன்பே தெரிந்தவள் சிரிக்கிற சிரிப்பு.

போவதற்கு முன்னால் நீ அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாயா? உண்மையைச் சொல். இல்லை என்று எழுதினாலும் நான் முழுசாக நம்பப் போவதில்லை. ஆனாலும் எழுது. அடுத்தது தசமப் பின்னம். அந்தப் பெண் என்ன கேட்பாள் என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.

அக்கா